ரேடியேட்டரில் தினமும் சேர்ந்த காற்று எங்கிருந்து வந்தது? ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் நாங்கள் இருக்கும் வீடு 1970களில் கட்டியது. கீழே நான்கு, மாடியில் ஐந்து என்று மொத்தம் ஒன்பது ரேடியேட்டர், அதாவது உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் தட்டையான இரும்புப் பெட்டிகள். அந்தத் தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர் சமையலறையில் இருக்கிறது. மாடியில், ஏரிங் கப்போர்டு என்று இங்கே சொல்லும் சின்ன அலமாரி அறைக்குள் வெந்நீர் சிலிண்டரும் பம்பும். அதற்கு நேர் மேலே, கூரைக்கு அடியில் லாஃப்ட் என்று சொல்லும் பரண் பகுதியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டேங்க். போன குளிர்காலத்தில் மாடி ரேடியேட்டர்களில் காற்று சேர்ந்துகொண்டே இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து வாரம் ஆனது, சரிசெய்ய ஒரு பகல் போதுமாக இருந்தது. அந்தப் பத்து வாரத்தில் எதையெல்லாம் சந்தேகப்பட்டேன், எது ஏன் தவறு, கடைசியில் எந்தச் சோதனை காரணத்தைக் காட்டியது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இந்த வகை சிஸ்டம் உள்ள பழைய வீடுகள் இங்கே இன்னும் நிறைய இருக்கின்றன. அதில் குடியேறும் நம் ஆட்கள் பலருக்கும், எனக்கு இருந்தது போலவே, லாஃப்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கமே இல்லை.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், அது புரியாமல் மீதி புரியாது. நம் ஊர் மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி லாஃப்டில் இருக்கும் இந்தச் சின்ன டேங்க்தான் ரேடியேட்டர்களுக்குள் சுற்றும் தண்ணீருக்கு மேல்மட்டம். குழாய்த் தண்ணீருக்கான பெரிய டேங்க் தனி, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சின்ன டேங்கின் அடியிலிருந்து 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் ஒன்று கீழே இறங்கிப் பாய்லர் குழாயோடு சேரும். இதை ஃபீட் குழாய் என்பார்கள். தண்ணீர் குறைந்தால் இதன் வழியாகத்தான் புதுத் தண்ணீர் வரவேண்டும். பாய்லரிலிருந்து வரும் குழாயில் இன்னொரு கிளை, 22 மில்லிமீட்டர், நேராக மேலே ஏறி டேங்குக்கு மேல் குடைப்பிடி மாதிரி வளைந்து வாய் திறந்து நிற்கும். இது வென்ட் குழாய். பாய்லர் கட்டுப்பாடு கெட்டுத் தண்ணீர் கொதித்தால் நீராவி வெளியேற இதுதான் வழி. அதனால் இந்தக் குழாயில் எந்த இடத்திலும் வால்வ் வைக்கவே கூடாது. பாய்லரிலிருந்து வரும் வரிசையில் முதலில் வென்ட், அடுத்து ஃபீட், அதற்கப்புறம் பம்ப். வென்டும் ஃபீடும் சேரும் இடங்களுக்கு இடையே 150 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. எங்கள் வீட்டில் அளந்து பார்த்தேன், 120தான். ஆக, அமைத்தவர்கள் சரியாகவே அமைத்திருந்தார்கள்.

இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. பம்ப் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் மூடிய வளையத்துக்குள் இருக்கும் தண்ணீரின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ அதனால் முடியாது, இருப்பதைச் சுற்றிவிடத்தான் முடியும். எனவே டேங்க் வந்து சேரும் புள்ளியில் மட்டும், பம்ப் ஓடினாலும் நின்றாலும், அழுத்தம் டேங்கின் உயரம் தரும் அளவிலேயே நிற்கும். அந்தப் புள்ளிக்கு ஒட்டினாற்போல வென்ட் இருந்தால் வென்டிலும் தண்ணீர் மட்டம் அசையாது. பம்ப் உறிஞ்சுவதும் இல்லை, மேலே தள்ளிக் கொட்டுவதும் இல்லை. ஃபீட் குழாய் திறந்திருக்கும்வரை இதெல்லாம் சரி. அது திறந்திருக்கிறதா என்ற கேள்வியை நான் பத்து வாரம் கேட்கவில்லை.

என்ன நடந்தது

நவம்பர் நடுவில் ஹீட்டிங் போட ஆரம்பித்தோம். முதல் வாரமே பாத்ரூம் ரேடியேட்டரின் மேல்பாதி சில்லென்று இருந்தது. கீழ்ப்பாதி கை வைக்க முடியாத சூடு. காற்று சேர்ந்திருப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். ரேடியேட்டரின் மேல் மூலையில் காற்று எடுக்க இருக்கும் மூக்கில் சாவியைப் போட்டுத் திருகினேன், நாற்பது நொடிபோல உஸ்ஸென்று காற்று போனது, பிறகு கறுத்த தண்ணீர் தெறித்தது, மூடினேன். குளிர்கால ஆரம்பத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே கதை. அப்புறம் வாரம் இரண்டு முறை. டிசம்பர் பாதியில் பாத்ரூமோடு பெரிய படுக்கையறையும் சேர்ந்துகொண்டது. பம்பிலிருந்து அரிசி களைவது மாதிரி ஒரு சரசரப்பு. பாய்லர் நின்ற அரை மணி நேரம் கழித்து மாடிச் சுவருக்குள் யாரோ சொம்பில் தண்ணீர் சாய்ப்பது போல கொடகொடவென்று சத்தம். மகள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து எங்கள் அறையில் வந்து படுக்க ஆரம்பித்தாள். ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தைக்கு முதல் இங்கிலாந்துக் குளிர், ராத்திரி இரண்டு சால்வையோடு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன்: தேதி, எந்த ரேடியேட்டர், எத்தனை நொடி காற்று, அப்போது ஹீட்டிங் ஓடியதா நின்றதா. யாருக்காவது இந்தப் பிரச்சினை இருந்தால் முதல் நாளிலிருந்தே இதை எழுதுங்கள். வெறும் நினைவில் வைத்துக்கொண்டிருந்தால் 'அடிக்கடி வருது' என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நோட்டில் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. நான் அதிகமாகக் காற்று எடுத்த நாளுக்கு அடுத்த நாள்தான் அதிகமாகக் காற்று வந்திருந்தது. தெரிந்தது, ஆனால் அதன் அர்த்தம் அப்போது புரியவில்லை.

தவறான சந்தேகங்கள்

ஒரு பிளம்பரைக் கூப்பிட்டோம். பம்ப் சத்தத்தைக் கேட்டவுடன் பம்ப் போய்விட்டது என்றார். புதுப் பம்ப் மாட்டி, மூன்று வேகத்தில் மூன்றாவதில் வைத்துவிட்டுப் போனார். சத்தம் இரண்டு நாள் குறைந்தது, மூன்றாம் நாள் முன்பைவிட மோசம். அவரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. காற்று கலந்த தண்ணீரைச் சுற்றும் எந்தப் பம்பும் அப்படித்தான் சத்தம் போடும், சத்தம் வந்த இடத்தில் பழுது இருக்கும் என்று நினைப்பது இயல்பு. நானும் ஒத்துக்கொண்டுதான் பணம் கொடுத்தேன். வேகத்தை ஒன்றுக்குக் குறைத்தேன். சரசரப்பு அடங்கியது, காற்று சேர்வது நிற்கவில்லை. நோட்டில் நொடிக் கணக்கு அப்படியே இருந்தது.

அடுத்த சந்தேகம், பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் எங்கேயாவது ஊசிமுனை அளவு ஓட்டை. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்தால் அந்த ஓட்டையில் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். பாதி உண்மை. பம்ப் நின்றிருக்கும்போது வளையம் முழுக்க டேங்கின் உயர அழுத்தம்தான், அப்போது அதே ஓட்டை வெளியே கசிந்தாக வேண்டும். அதனால் ஹீட்டிங் முழுக்க நின்ற இரவுக்கு அடுத்த காலையில் ஒவ்வொரு இணைப்பையும், பம்பின் இரண்டு பக்க வால்வுகளையும், ரேடியேட்டர் வால்வுத் தண்டுகளையும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பார்த்தேன். ஈரம் இல்லை. செம்பில் பழைய கசிவு விடும் பச்சைக் களிம்பும் எங்கும் இல்லை. இது இல்லை என்று அடித்துவிட்டேன்.

பிறகு ஹைட்ரஜன். இரும்பு ரேடியேட்டர் உள்ளே அரிக்கும்போது, ஆக்சிஜன் தீர்ந்த தண்ணீரில் கறுப்புத் துருவோடு ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகும். அது ரேடியேட்டரின் உச்சியில் போய் நிற்கும், பார்ப்பதற்குக் காற்று சேர்ந்தது மாதிரியே இருக்கும். அப்படியென்றால் வெளியிலிருந்து எதுவும் நுழையவில்லை, வைத்தியமே வேறு. எனவே இரண்டையும் பிரித்தே ஆகவேண்டும். மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை ரேடியேட்டர் மூக்கில் மாட்டி, ஒரு கிண்ணத் தண்ணீரில் கவிழ்த்த சின்ன மருந்துப் புட்டியில் வாயுவைப் பிடித்து, தோட்டத்தில் கொண்டுபோய் வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு நீளத் தீக்குச்சியைக் காட்டினேன். ஹைட்ரஜன் என்றால் 'பப்'பென்று பிடித்திருக்கும். பிடிக்கவில்லை. அதோடு புட்டி வாய்க்குள் போன தீக்குச்சி அணைந்தும் போனது. வெறும் காற்றாக இருந்தால் குச்சி எரிந்திருக்க வேண்டுமே என்று முதலில் குழம்பினேன். யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. உள்ளே வந்த காற்றில் இருந்த ஆக்சிஜனை ரேடியேட்டர் இரும்பு தின்றுவிட்டது, மிச்சம் நைட்ரஜன். காற்று வெளியிலிருந்து வருகிறது, வந்து என் ரேடியேட்டர்களை உள்ளுக்குள் துருப்பிடிக்க வைக்கிறது என்று ஒரே குச்சியில் இரண்டு பதில். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை இதைத் தொந்தரவாகத்தான் நினைத்திருந்தேன். (இந்தச் சோதனையை வீட்டுக்குள், ரேடியேட்டர் மூக்கிலேயே நெருப்பு காட்டிச் செய்யாதீர்கள்.)

ஜனவரியில் நான்கு நாள் உறைபனி. லாஃப்ட் தரையில் தடிமனாகப் பஞ்சு விரித்திருந்தால் வீட்டுச் சூடு மேலே வராது, டேங்கும் குழாயும் உறையும். ஃபீட் உறைந்துவிட்டதோ என்று அப்போதுதான் முதல் முறையாக மேலே ஏறினேன். டேங்குக்கு நேர் கீழே பஞ்சு இல்லை, முன்பு யாரோ தெரிந்தே விட்டிருக்கிறார்கள், எதுவும் உறையவில்லை. மூடியைத் தூக்கினேன். டேங்கில் ஒரு சாண் தண்ணீர், தேநீர் நிறத்தில். டேங்கில் மட்டம் இறங்கினால் தானே திறந்து தண்ணீர் விடும் மிதவை வால்வை, பால் வால்வ் என்பார்கள், அமுக்கினால் தண்ணீர் வருகிறது, விட்டால் நிற்கிறது. பல வீடுகளில் இந்த வால்வ் இறுகி டேங்க் வறண்டு கிடப்பதே முழுக் காரணமாக இருக்கும், அதனால் எதற்கும் முன் இதைப் பாருங்கள். எங்கள் டேங்கில் தண்ணீர் இருந்தது. இருக்கிறதே என்று மூடியைப் போட்டு இறங்கிவிட்டேன்.

மூடியின் உட்பக்கம் முழுக்க வேர்த்திருந்தது. உறைபனி நாளில், குளிர்ந்த லாஃப்டில், ஒரு குளிர்நீர் டேங்கின் மூடி ஏன் வேர்க்க வேண்டும்? கையில் அந்த ஈரம் பட்டது நன்றாக நினைவிருக்கிறது. துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு கேள்வி

நண்பர் ஒருவர் மூலம் ஒரு ஹீட்டிங் இன்ஜினியரின் நம்பர் கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே இதே வேலை. ஃபோனில் நான் பம்ப், ஓட்டை, ஹைட்ரஜன் என்று எல்லாவற்றையும் கொட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, எத்தினை நாளா காத்து எடுக்கிறீங்கள்?"

"நவம்பரில் இருந்து, அண்ணா."

"அவ்வளவு காத்து வெளியில போயிருக்கு. போன இடத்துக்கு என்ன வந்தது எண்டு பாத்தீங்களே?"

தண்ணீர்தான் வந்திருக்கும் என்றேன். "எங்கால?" என்றார். டேங்கிலிருந்து என்றேன். "டேங்க் தண்ணி குறைஞ்சதைக் கண்ணால கண்டீங்களே?" எனக்குப் பதில் இல்லை. நான் பார்த்தது டேங்கில் தண்ணீர் இருப்பதை. அது குறைவதையும், பால் வால்வ் திறந்து நிரப்புவதையும் ஒரு நாளும் பார்க்கவில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்பதும், அந்தத் தண்ணீர் குழாய்க்குள் இறங்குகிறது என்பதும் ஒன்றில்லை. நம் ஊரில் தொட்டி நிறைந்திருந்தும் பைப்பில் சொட்டு வராத வீட்டில் வளர்ந்தவன் நான், எனக்கே இது தோன்றவில்லை.

சனிக்கிழமைதான் வர முடியும், அதற்குள் மூன்று காரியம் செய்து வையுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். மூன்றுமே பாய்லரைத் தொடாதவை.

முதலாவது, வென்ட் குழாயின் வாயில் ஒரு கப் தண்ணீர். ஹீட்டிங் முழுக்க ஆறிய பிறகு, லாஃப்டில் ஏறி, குழாயின் வளைந்த வாய் மூழ்கும்படி ஒரு பெரிய காபி மக்கைப் பிடித்தேன். கீழே மனைவி ஹீட்டிங்கைப் போட்டாள். பம்ப் ஓடத் தொடங்கிய இரண்டு நொடியில் மக்கில் தண்ணீர் இரண்டு விரல் அளவு சரசரவென்று இறங்கியது. ஸ்ட்ராவில் குழந்தை உறிஞ்சுவது போலவே இருந்தது. நிறுத்தச் சொன்னேன். குழாய்க்குள் போன தண்ணீர் திரும்பி வந்து, அதன் பின்னால் குமிழ் குமிழாகக் காற்று மக்கில் கொப்பளித்தது. மறுபடி போட்டோம், மறுபடி உறிஞ்சியது. சரியான சிஸ்டத்தில் அந்தத் தண்ணீர் கிட்டத்தட்ட அசையாமல் இருக்க வேண்டும். ரேடியேட்டர்களில் அடைந்திருந்த காற்றைப் பம்ப் அமுக்கியபோது அந்த இடத்தை நிரப்பத் தண்ணீர் தேவைப்பட்டது, ஃபீட் தரவில்லை, வென்ட் கொடுத்தது. வென்டில் தண்ணீரே இல்லாத அளவு மட்டம் இறங்கியிருந்ததால் அது கொடுத்தது காற்று.

இரண்டாவது, டேங்க் இறங்குகிறதா என்ற சோதனை. பால் வால்வின் தண்டைக் கயிற்றால் மேலே ஒரு குச்சியில் கட்டினேன், இனிப் புதுத் தண்ணீர் வராது. உள்சுவரில் மட்டத்துக்குப் பென்சில் கோடு. கீழ்த்தள ரேடியேட்டரில் தண்ணீர் வடிக்க இருக்கும் ட்ரெயின் காக்கில் ஓஸ் மாட்டித் தோட்டத்தில் வாளி வைத்து 5 லிட்டர் எடுத்தேன். எங்கள் டேங்க் 45க்கு 30 சென்டிமீட்டர், கணக்குப்படி மட்டம் மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். ஏறிப் பார்த்தேன். பென்சில் கோடும் தண்ணீரும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் ஒரு நூலிழை அளவு வித்தியாசம் இருக்கலாம், அவ்வளவுதான். வாளியில் நிஜமாகவே 5 லிட்டர் இருக்கிறது, டேங்கிலிருந்து ஒன்றும் வரவில்லை, அப்படியானால் அந்த 5 லிட்டரின் இடத்தில் இப்போது வீட்டுக்குள் 5 லிட்டர் காற்று. வென்ட் வழியாக நானே இழுத்துவிட்டது.

நவம்பரிலிருந்து ஒவ்வொரு தடவை சாவியைத் திருகியபோதும் இதைத்தான் செய்திருக்கிறேன். பாத்ரூமில் காற்றை வெளியே விட்டேன், அதே அளவு காற்று லாஃப்டில் உள்ளே நுழைந்தது. நோட்டில் தெரிந்த கணக்கு, அதிகம் எடுத்த நாளுக்கு மறுநாள் அதிகம் வந்தது, இதுதான்.

மூன்றாவது காந்தம். பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து கழற்றிய வலுவான காந்தம் ஒன்று வீட்டில் இருந்தது. செம்பில் காந்தம் ஒட்டாது. ஏரிங் கப்போர்டில் ஃபீட் குழாயின் மேல்பகுதியில் வைத்தேன், வழுக்கி விழுந்தது. ஒவ்வொரு விரற்கடையாகக் கீழே கொண்டுவந்தேன். பாய்லர் குழாயோடு சேரும் மூன்று வழி இணைப்பான டீ ஜாயின்ட்டுக்கு ஒரு சாண் மேலே கையில் லேசான இழுப்பு தெரிந்தது. இன்னும் கீழே வந்ததும் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டு, கையை எடுத்தும் விழாமல் நின்றது. செம்புக் குழாயில் தொங்கும் காந்தத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பத்து வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டது இந்த ஒரு சாண் குழாய்க்குள் இருந்தது.

அது ஏன் அங்கே அடைகிறது என்றால், ரேடியேட்டர்களில் உண்டாகும் கறுப்புத் துரு, மேக்னடைட் என்பார்கள், மிக நுண்ணிய தூளாகத் தண்ணீரோடு சுற்றுகிறது. ஓடும் தண்ணீரில் அது தங்காது. ஃபீட் சேரும் இடத்தில் ஓடும் சூட்டுத் தண்ணீரும், அசையாமல் நிற்கும் குளிர்ந்த தண்ணீரும் சந்திக்கின்றன. அந்த மூலையில் தூள் ஒதுங்குகிறது, படிகிறது, மேலிருந்து வரும் புதுத் தண்ணீரின் சுண்ணாம்பு அதை இறுக்குகிறது. ரெடிங் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது, கெட்டிலைப் பார்த்தாலே தெரியும்.

தினமும் ஒரு மூச்சு

நான் காற்று எடுக்காத நாட்களிலும் ஏன் சேர்ந்தது என்பது மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. அண்ணன் வருவதற்கு முந்தின இரவு கணக்குப் போட்டேன். இந்த வீட்டு ஹீட்டிங்கில் 100 லிட்டர்போலத் தண்ணீர். அது 15 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய இரண்டு சதவீதம் விரியும், அதாவது 2 லிட்டர். சரியான சிஸ்டத்தில் அந்த 2 லிட்டர் ஃபீட் வழியாக டேங்குக்கு ஏறும், ஆறும்போது அதே வழியில் இறங்கும். ஃபீட் அடைத்திருந்தால்? மிச்சமிருக்கும் ஒரே வழி வென்ட். 22 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மீட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர்கூடக் கொள்ளாது, 2 லிட்டருக்கு ஆறு மீட்டர் குழாய் வேண்டும், எங்கள் வென்டின் உயரம் அதில் பாதிகூட இல்லை. எனவே வெந்நீர் மேலே ஏறி வளைவைத் தாண்டி டேங்கில் கொட்டியிருக்கிறது. மூடி வேர்த்தது இதனால்தான். பிறகு ராத்திரி ஆறும்போது 2 லிட்டர் சுருங்குகிறது, கொட்டிய தண்ணீர் டேங்கிலேயே இருக்கிறது, ஃபீட் வழியாகத் திரும்பி வர நிமிடத்துக்குச் சில துளிக்கு மேல் வழி இல்லை, மீதிக்கு வென்ட் காற்றை இழுக்கிறது. மகள் பயந்த அந்தக் கொடகொட சத்தம், வீடு காற்றை உள்ளே இழுத்த சத்தம்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஹீட்டிங் இரண்டு தடவை ஓடும். பம்ப் முதல் வேகத்தில் இருந்தாலும் மூன்றில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வேகத்தைக் குறைத்தும் நொடிக் கணக்கு மாறாததற்கு விடை கிடைத்த பிறகுதான் தூங்கினேன்.

அறுத்துப் பார்த்தது

சனிக்கிழமை அண்ணன் வந்தார். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்த நாட்டில் பாய்லரின் காஸ் பகுதியில் கை வைக்க கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்களுக்குத்தான் சட்டப்படி அனுமதி. தண்ணீர்ப் பக்கம் வேறு, ஆனாலும் ஃபீடையும் வென்டையும் அறுத்து ஒட்டுவது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, நான் தொடவில்லை. ஃபீடோடு வென்டும் அடைத்துவிட்டால் பாய்லர் தப்பிக்க வழியில்லாத ஒரு கொதிகலன். அதைச் சொன்னபோதுதான் அவர் முகம் கடுமையானது. வந்தவுடன் முதலில் வென்டில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போனார்.

மின்சாரத்தையும் பாய்லரையும் நிறுத்தி, டேங்குக்கு வரும் தண்ணீரை மூடி, முழுவதையும் வடித்து, டீயோடு சேர்த்து முக்கால் அடி ஃபீட் குழாயை அறுத்து என் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. முனையில் பார்த்தால் செம்பு வட்டத்துக்குள் முழுக்கக் கறுப்பு, நடுவில் பென்சில் ஊசி போகுமளவு ஒரு துளை. செய்தித்தாளில் தட்டினார். விழவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் குத்தியதும், கறுப்பு எள்ளை அம்மியில் அரைத்த விழுது மாதிரி, பளபளவென்று ஈரமாக ஒரு உருளை வழுக்கி வந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன், மணல் மாதிரி நெருடவே இல்லை, கண்மை மாதிரி வழவழவென்று ஒட்டிக்கொண்டது. மூன்று நாள் நகக்கண்ணில் இருந்தது. டீயின் பக்கம் இருந்த அடுக்கு மட்டும் வெளுத்துக் கெட்டியாக, சுண்ணாம்பும் துருவும் சேர்ந்து, உளி கேட்கும் அளவு இறுகியிருந்தது.

புதுக் குழாய், புது டீ. டேங்கின் அடியில் படிந்திருந்த சேற்றை வழித்துக் கழுவினோம், இல்லையென்றால் அதுவே மறுபடி இறங்கும். பாய்லருக்குத் திரும்பும் குழாயில் ஒரு காந்த ஃபில்டர். உள்ளே கழுவும் ரசாயனம் ஊற்றி ஒரு வாரம் ஓடவிட்டு, அடுத்த சனிக்கிழமை அலசி, துருத் தடுப்பு மருந்து விட்டார். இங்கே இன்ஹிபிட்டர் என்பார்கள். பல வருடமாக இந்த வீட்டில் யாரும் அதை விட்டிருக்க வாய்ப்பில்லை என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொன்னார். நானும் வீடு வாங்கி நான்கு வருடமாக அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

டேங்கையே எடுத்துவிட்டு, புது வீடுகளில் இருப்பது போல அழுத்தம் ஏற்றி மூடிய சிஸ்டமாக மாற்றிவிடலாமா என்று கேட்டேன். "மாத்தலாம் தம்பி, ஆனா உந்தப் பழைய ஹீற்றருகளுக்கு ஒண்டரை பார் பிரஷர் குடுத்தா எங்கையெங்கை ஒழுகும் எண்டு சொல்லேலாது. பாய்லர் மாத்தேக்க பாப்பம்" என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அமைப்பில் குறை இல்லை, ஒரு சாண் குழாய்தான் அடைத்திருந்தது. பாய்லரின் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்க்காமல் மூடிய சிஸ்டமாக மாற்றவும் கூடாது.

அதற்குப் பிறகு

நிரப்பும்போதே வித்தியாசம் தெரிந்தது. மாடி ரேடியேட்டரைத் திறந்தால் லாஃப்டில் பால் வால்வ் சீறும் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் அதை முதல் தடவையாகக் கேட்டேன். மக் சோதனையை மறுபடி செய்தோம், பம்ப் ஓடியும் தண்ணீர் லேசாக நடுங்கியதோடு சரி. டேங்கின் உள்சுவரில் ஆறியிருக்கும்போது ஒரு கோடு, நன்றாகச் சூடான பிறகு ஒரு கோடு போட்டேன். இடையில் ஒன்றரை சென்டிமீட்டர். 2 லிட்டருக்குக் கணக்கும் அதேதான் வருகிறது.

முதல் இரண்டு வாரம் பாத்ரூமில் மறுபடி கொஞ்சம் காற்று சேர்ந்தபோது நெஞ்சு திக்கென்றது. புதிதாக நிரப்பிய தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சூட்டில் பிரிந்து வருவது அது. பன்னிரண்டு நொடி, அப்புறம் ஐந்து, அப்புறம் இரண்டு. இந்த இறங்குமுகம்தான் அடையாளம், பழுது இருந்தபோது எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஹைட்ரஜன் சோதனையை மீண்டும் செய்யத் தேவைப்படவில்லை, பிடிக்க வாயுவே இல்லை.

காந்த ஃபில்டரை ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது உள்ளே தண்டு முழுக்கக் கறுப்பு ரோமம் மாதிரி ஒட்டியிருந்தது, இரண்டு மேசைக்கரண்டி இருக்கும். அடுத்த மாதம் அதில் கால்வாசி. இனி வருடா வருடம் நவம்பருக்கு முன் அதைத் திறந்து கழுவுவதும், துருத் தடுப்பு மருந்தின் அளவைப் பரிசோதிப்பதும், லாஃப்டில் ஏறி இரண்டு பென்சில் கோடுகளைப் பார்ப்பதும் என் வேலை.

அத்தை பிப்ரவரி கடைசியில் ஊருக்குக் கிளம்பும்போது சால்வைகளை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டுப் போனார். நோட்டில் கடைசியாக எழுதியது மார்ச் 9, ஞாயிறு: பாத்ரூம், பெரிய படுக்கையறை, மகள் அறை, மூன்றிலும் சாவியைத் திருகியவுடன் தண்ணீர், தெளிவாக.